கடனும் காட்சியும்: ஆங்கிலத்தில் அறிவுரை கேட்பதும் சொல்வதும்

ஆங்கிலத்தில் அறிவுரையைக் குறிக்கும் 'அட்வைஸ்' என்னும் பெயர்ச்சொல், காண்பதைக் குறிக்கும் ஒரு சொல்லின் வழிவந்தது. 'எனக்கு இவ்வாறு தோன்றுகிறது' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுத் தொடர் ஒன்றில் இடம்பெற்ற 'அவீ' என்னும் சொல், 'காணப்பட்டது' என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, இடைக்கால ஆங்கிலத்திற்குள் நுழைந்து, பின்னர் லத்தீன் முன்னொட்டின் சாயலால் நடுவில் ஒரு 'ட்' ஒலியைப் பெற்று இன்றைய வடிவத்தை அடைந்தது. ஆனால் அறிவுரை சொல்வதற்கு ஆங்கிலேயர் அன்றாடம் எடுத்தாளும் 'ஷுட்', 'ஆட்' என்னும் துணைவினைகள் இரண்டும் வேறொரு நிலத்தில் வேர்கொண்டவை. 'ஷுட்' என்பது 'ஷால்' என்பதன் இறந்தகால வடிவம். அதன் மூலச்சொல் பழைய ஆங்கிலத்தில் 'கடன்பட்டிருத்தல்' என்று பொருள்பட்டது. ஜெர்மன் மொழியில் கடனையும் குற்றத்தையும் ஒருங்கே குறிக்கும் 'ஷுல்ட்' அதன் உறவுச்சொல். 'ஆட்' என்பதோ கடன்படுதலை இன்றும் குறித்துவரும் 'ஓ' என்னும் ஆங்கில வினையின் பழைய இறந்தகாலம். வாங்கிய பணத்தையும் செய்தே தீர வேண்டிய செயலையும் 'கடன்' என்னும் ஒரே சொல்லால் சுட்டும் தமிழ் வாசகருக்கு இந்த உறவு விளங்காமற்போகாது. ஆக, அறிவுரையின் பெயர் 'எனக்குத் தோன்றுவது இது' என்று தணிந்து நிற்க, அதைச் சொல்லும் வினையோ 'இது உன் கடன்' என்று நிமிர்ந்து நிற்கிறது.

இன்று ஆங்கிலம் பேசுவோர் இந்த வேர்களை நினைத்துப் பேசுவதில்லை. சொல்லின் பிறப்பைக்கொண்டு அதன் இன்றைய பொருளை நிறுவ முயல்வதும் மொழியியல் ஏற்காத வழி. ஆயினும் வேர்களில் தெரியும் இந்த இழுபறி இன்றைய வழக்கிலும் தொடர்கிறது என்பதற்குப் பயன்பாட்டிலேயே சான்றுகள் உள்ளன. எந்தவோர் அறிவுரை வாக்கியத்திலும் 'எதைச் செய்வது நல்லது' என்னும் செய்தி ஒரு சிறு பகுதியே. விஷயம் யாருக்குத் தெரியும், முடிவெடுக்கும் உரிமை யாருக்கு உண்டு, முடிவு பிசகினால் பழி யாரைச் சேரும் என்னும் கணக்குதான் அந்த வாக்கியம் எந்த வடிவம் எடுக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்போர் இலக்கணப் பிழையின்றிப் பேசியும் இந்த இடத்தில் இடறுவதற்குக் காரணம், அந்தக் கணக்கு பாடமாகச் சொல்லப்படாததே.

சொல் என்பது செய்தியைத் தெரிவிப்பதோடு நில்லாமல் ஒரு செயலையும் நிகழ்த்துகிறது என்னும் கருத்தை 1955இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய தொடர் உரைகளில் ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதி ஜே. எல். ஆஸ்டின் விரித்துரைத்தார், அவர் மறைவுக்குப் பின் 1962இல் அவ்வுரைகள் நூலாயின. வாக்குறுதி தருவது, பெயர் சூட்டுவது, எச்சரிப்பது, அறிவுரை சொல்வது ஆகிய யாவும் சொல்லாலேயே நிகழும் செயல்கள் என்பதால் இவை 'பேச்சுச் செயல்கள்' எனப்பட்டன. ஆஸ்டினின் மாணவரான ஜான் சேர்ல் 1969இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு பேச்சுச் செயலும் முறையாக நிகழ்வதற்குத் தேவையான நிபந்தனைகளை வகுத்தபோது, அறிவுரையை வேண்டுகோளின் ஒரு வகையாகக் கருதக் கூடாது என்று தனியே குறித்தார். வேண்டுகோளில் பேசுபவர் கேட்பவரை ஒன்றைச் செய்யவைக்க முயல்கிறார்; அறிவுரையில் அது கேட்பவருக்கு நன்மை தரும் என்று மட்டுமே சொல்கிறார். கேட்பவர் அதை எப்படியும் செய்துவிடுவார் என்பது இருவருக்கும் வெளிப்படையாகத் தெரிந்திருந்தால் அறிவுரைக்கே இடமில்லை என்பது சேர்ல் தரும் மற்றொரு நிபந்தனை. இது எளிய கூற்றுப்போலத் தோன்றினாலும் அறிவுரை ஏன் உறுத்துகிறது என்பதற்கான விடையின் பாதி இதில் இருக்கிறது: ஒருவருக்கு அறிவுரை சொல்லும்போதே, 'சொல்லாவிட்டால் உனக்கு இது தோன்றியிராது' என்னும் கூற்றும் சொல்லாமற் சொல்லப்பட்டுவிடுகிறது.

விடையின் மறுபாதியைச் சமூகவியலாளரும் மானிடவியலாளரும் தந்தனர். மனிதர் ஒருவரோடொருவர் பழகும்போது தத்தம் மதிப்பைக் காத்துக்கொள்ளும் முறையை எர்விங் காஃப்மன் 1955இல் 'முகம்' என்னும் சொல்லால் விளக்கினார். தமிழில் 'முகம் கொடுத்துப் பேசுதல்', 'முகத்தை முறித்தல்' என்பவற்றில் வரும் அதே முகம். அக்கருத்தைப் பெனலபி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் பெரிதும் வளர்த்து, 1978இல் நீண்ட ஆய்வாகவும் 1987இல் தனி நூலாகவும் வெளியிட்டனர். பிறரால் விரும்பப்பட வேண்டும் என்னும் நாட்டம் ஒரு முகம்; பிறரால் தடுக்கப்படாமல் தன் போக்கில் இயங்க வேண்டும் என்னும் நாட்டம் மற்றொரு முகம். இந்த இரண்டாம் முகத்துக்கு ஊறு செய்யக்கூடிய செயல்களாக அவர்கள் தரும் பட்டியலில் கட்டளை, வேண்டுகோள், மிரட்டல், எச்சரிக்கை ஆகியவற்றோடு அறிவுரையும் யோசனையும் இடம்பெற்றுள்ளன. மிரட்டலும் அறிவுரையும் ஒரே வரிசையில் நிற்பது பெரியவர்களின் சொல்லைக் கேட்டு நடப்பதைப் பேறாகக் கருதும் பண்பாட்டில் வளர்ந்தவருக்கு வியப்பளிக்கும். இவ்வாய்வின் மூன்று அடித்தள மொழிகளுள் தமிழும் ஒன்று என்பது அதைவிட வியப்புக்குரியது. ஆங்கிலத்தோடும் மெக்சிகோவின் செல்தால் மொழியோடும் கோயம்புத்தூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் லெவின்சன் திரட்டிய தமிழ்ப் பேச்சும் அந்நூலின் சான்றுகளாக அமைந்தன. ஆயினும் முடிவெடுக்கும் தனியுரிமையை எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கும் பார்வை ஆங்கிலச் சமூகத்தின் சாயல் படிந்தது என்று ஜப்பானிய, சீன மொழிகளை ஆராய்ந்தோர் பின்னர் மறுத்துரைத்தனர். அம்மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் ஆங்கிலத்தின் அறிவுரை வடிவங்களைப் புரிந்துகொள்ள அந்தச் சாயலே துணைசெய்கிறது.

முதலில் வினைச்சொற்களைக் காணலாம். 'அட்வைஸ்' என்னும் வினை ஆளைச் செயப்படுபொருளாகக் கொள்ளும். 'சஜஸ்ட்' என்னும் வினை யோசனையைச் செயப்படுபொருளாகக் கொள்ளும். முன்னது ஒருவர்மேல் சென்று விழுகிறது. பின்னது ஒரு பொருளை இருவருக்கும் நடுவே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. 'சஜஸ்ட்' என்பதன் லத்தீன் மூலத்துக்குக் 'கீழே கொண்டுவந்து வைத்தல்' என்று பொருள் என்பதும் இதனோடு ஒத்துப்போகிறது. தமிழில் 'எனக்கு ஒரு நல்ல அகராதி சொல்லுங்கள்' என்று நான்காம் வேற்றுமையில் கேட்கும் பழக்கத்தால் 'சஜஸ்ட் மீ' என்று எழுதுவது இந்தியர் பலரிடம் காணப்படுகிறது. ஆசிரியர்கள் அதைப் பிழை என்று திருத்துவதோடு நிறுத்திக்கொள்கின்றனர். கேட்பவரை அந்த வினையின் நேர் இலக்காக்க ஆங்கிலம் மறுக்கிறது என்பதே அத்திருத்தத்தின் உட்பொருள் என்று சொல்லிக்கொடுத்தால், மாணவருக்கு விதி மனத்தில் நிற்பதோடு காரணமும் கைவரும். அவ்வாறே 'அட்வைஸ்' எண்ணிக்கைக்கு உட்படாத பெயர். நீரையும் மணலையும்போல அதை 'ஒரு துண்டு', 'ஒரு சிறிது' என்று அளந்தே சொல்ல வேண்டும். வங்கியும் வணிகமும் இதற்கு விலக்கு. பணம் வரவு வைக்கப்பட்டதைத் தெரிவிக்கும் சீட்டுக்கும் 'அட்வைஸ்' என்றே பெயர். அங்கே அச்சொல் அறிவிப்பை மட்டும் குறிக்கிறது. அலுவலகக் கடிதங்களின் இறுதியில் வரும் 'கைண்ட்லி அட்வைஸ்' என்பதும் பெரும்பாலும் அறிவுரையை நாடுவதன்று. 'இனிச் செய்ய வேண்டியது என்ன என்று தெரிவிக்கவும்' என்பதே அதன் கருத்து.

துணைவினைகளில் கணக்கு இன்னும் நுட்பமாகிறது. 'ஷுட்' பேசுபவரின் கருத்தாக நின்று, மறுப்பதற்குக் கதவைத் திறந்து வைக்கிறது. 'ஆட்' பேசுபவரைத் தாண்டிய ஒழுங்கு ஒன்றை, முறைமையை, துணைக்கு அழைப்பதால் சற்றுக் கனமாக ஒலிக்கிறது. 'மஸ்ட்' கதவை மூடிவிடுகிறது. ஆகவே அதுவே மூன்றிலும் மரியாதைக் குறைவானது என்று கற்போர் முடிவுசெய்கின்றனர். இந்த முடிவு எங்கே பொய்க்கிறது என்பதை ராபின் லேக்காஃப் 1972இல் எழுதிய கட்டுரையில் காட்டினார். விருந்துக்கு அழைத்த பெண்மணி தான் செய்த கேக்கை எடுத்துக்கொள்ளுமாறு சொல்லும்போது 'மஸ்ட்' என்பதே மூன்று துணைவினைகளில் மிகவும் பணிவானது. 'ஷுட்' அதற்கு அடுத்தது. அனுமதி தரும் 'மே' என்பதோ பணிவில் கடைசி. இலக்கண நூல் தரும் வரிசை இங்கே தலைகீழாகிவிடுகிறது. நன்மை முழுவதும் கேட்பவருக்கே என்னும்போது வற்புறுத்தல் அன்பாகிறது. அனுமதி தருவதோ, அந்தப் பண்டத்துக்கு விருந்தாளி ஏங்கிக்கொண்டிருந்ததுபோலத் தொனித்து அவரைத் தாழ்த்துகிறது. பந்தியில் 'இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொள்ளத்தான் வேண்டும்' என்று வற்புறுத்தும் வீட்டாரை அறிந்த தமிழருக்கு இதை விளக்க உரை தேவையில்லை. எனினும் அதே 'மஸ்ட்' நண்பரின் வேலை, திருமணம், பணம் பற்றிய பேச்சில் வந்தால் அன்பு மறைந்து அதிகாரம் மட்டும் எஞ்சும், ஏனெனில் அங்கே நன்மை எது என்பதே முடிவாகாத கேள்வி.

பாடநூல்வழிக் கற்றவரை மிகுதியும் ஏமாற்றும் வடிவம் 'ஹேட் பெட்டர்'. அதில் உள்ள 'பெட்டர்' என்னும் சொல்லைக் கண்டு, 'செய்தால் நல்லது' என்னும் தமிழ்த் தொடருக்கு அதுவே நேர் என்று கொள்வது இயல்பு. தமிழில் 'நாளைக்கு வந்தால் நல்லது' என்பது தாழ்ந்த குரல். மூத்தவரிடமும் அதிகாரியிடமும் தயங்காமல் சொல்லத்தக்கது. ஆங்கில வடிவமோ, 'வராவிட்டால் விளைவு மோசமாகும்' என்னும் சொல்லப்படாத பிற்பகுதியைச் சுமந்து நிற்கிறது. மழை வரப்போகிறது, குடையை எடுத்துக்கொள் என்று நெருங்கியவரிடம் சொல்ல அது பொருந்தும், ஏனெனில் விளைவு மழையால் வருவது. பேராசிரியரிடம் ஒரு மாணவர் அதே வடிவத்தில் பேசினால், விளைவை விளைவிக்கப்போவது அந்த மாணவரே என்று தொனித்து, பணிவாகச் சொல்ல நினைத்தது மிரட்டலாகிவிடும். பிரவுனும் லெவின்சனும் அறிவுரையையும் மிரட்டலையும் ஒரே வரிசையில் வைத்ததற்கு இந்த ஒரு தொடரே போதிய சான்று.

கேள்வி வடிவங்களுக்கு ஆங்கிலம் அளித்துள்ள இடம் பெரிது. 'வை டோன்ட் யூ' என்று தொடங்கும் வாக்கியம் வடிவத்தில் காரணம் கேட்கிறது. பயனில் யோசனை சொல்கிறது. தமிழின் 'ஒரு தடவை போய்ப் பார்க்கக் கூடாதா?' என்பது அதற்கு மிக நெருங்கியது. காரணம் கேட்கும் வடிவம் என்பதாலேயே அது காரணம் சொல்லி மறுப்பதற்கும் வழிவிடுகிறது. உளமருத்துவர் எரிக் பெர்ன் 1964இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், இவ்வடிவத்தின் பெயராலேயே ஓர் உறவாடல் விளையாட்டை விவரித்தார்: ஒருவர் தம் சிக்கலைச் சொல்கிறார், சுற்றியிருப்போர் 'இதைச் செய்யக் கூடாதா, அதைச் செய்யக் கூடாதா' என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுக்கின்றனர், அவர் ஒவ்வொன்றையும் 'சரிதான், ஆனால்' என்று தள்ளுகிறார், கடைசியில் அனைவரும் வாயடைத்துப்போகின்றனர். யோசனை பெறுவது அந்த உரையாடலின் நோக்கமே அன்று என்பது பெர்னின் முடிவு. இதைவிட நுணுக்கமானது 'ஹாவ் யூ ட்ரைட்', 'ஹாவ் யூ தாட் ஆஃப்' என்று முடிந்த காலத்தைக் கேட்கும் வடிவம். 'இதை ஏற்கெனவே முயன்று பார்த்திருப்பீர்களே' என்று கேட்பவருக்கு அறிவை முன்கூட்டியே வழங்கிவிடுவதால், சேர்ல் வகுத்த நிபந்தனையில் ஒளிந்திருந்த அவமதிப்பை அது துடைத்துவிடுகிறது. முயன்றிருந்தால் 'ஆம்' என்று சொல்லலாம். முயலாதிருந்தால் யோசனையைப் பெற்றுக்கொள்ளலாம். இரண்டிலும் எவருக்கும் குறைவில்லை.

'இஃப் ஐ வேர் யூ' என்பது பேசுபவர் தம்மையே கேட்பவரின் இடத்தில் நிறுத்திக்கொள்ளும் வழி. உண்மையில் நிகழாத ஒன்றைக் குறிக்க வினை இறந்தகாலத்துக்குத் தள்ளப்படுகிறது. தமிழின் 'நானாயிருந்தால்' இதற்கு ஈடு. ஆனால் பேச்சில் 'நானாயிருந்தால் நாலு அறை விட்டிருப்பேன்' என்பதுபோல வீறாப்புக்கும் தமிழ்த் தொடர் பயன்படும். 'யூ மைட் வான்ட் டு' என்பது அறிவுரையைக் கேட்பவரின் விருப்பமாகவே மாற்றிச் சொல்கிறது. பணியிடங்களில் மேலாளர் இவ்வாறு சொன்னால், விருப்பம் என்னும் சொல்லை நம்பி அதைப் புறக்கணிப்பது அறியாமை. சேர்ந்து செய்யும் செயலுக்கு 'லெட்ஸ்' என்பதும் 'ஷால் வி' என்பதும் உரியவை. பேசுபவரும் பங்கேற்பதால் உறுத்தல் குறைவு. ஆங்கிலத்தின் 'வி' கேட்பவரை உள்ளடக்குமா விலக்குமா என்று தெளிவாகச் சொல்லாது; அந்தத் தெளிவைத் தமிழ் 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு சொற்களில் வைத்திருக்கிறது. 'லெட்ஸ்' என்னும் சுருங்கிய வடிவம் மட்டும் எப்போதும் 'நாம்' என்பதோடு ஒன்றும்.

இங்கே இரு மொழிகளின் கட்டமைப்பிலும் உள்ள ஓர் அடிப்படை வேறுபாட்டைத் தனியே நோக்க வேண்டும். மகள் தந்தையிடம் 'அப்பா, நீங்க மாத்திரையை விடாம சாப்பிடணும்' என்று சொல்லும்போது, கட்டாயத்தைச் சொல்லும் 'ணும்' என்னும் ஈற்றின் கூர்மையை 'அப்பா' என்னும் விளியும் 'நீங்க' என்னும் பன்மையும் மழுக்கிவிடுகின்றன. வேறிடங்களில் 'பார்க்கலாமே', 'போய்ப் பாரேன்', 'கேட்டுப் பாருங்களேன்' என்று வரும் ஏகாரமும் 'ஏன்' என்னும் ஈறும் அதே பணியைச் செய்கின்றன. 'பேசாமல் அந்த வேலையை விட்டுவிடு' என்பதில் வரும் 'பேசாமல்' வாய்மூடி இருப்பதைக் குறிக்காமல், எளிய வழி இது என்று காட்டுகிறது. ஆங்கிலமோ ஒருமைக்குரிய 'தவ்' என்னும் சொல்லைப் பொது வழக்கிலிருந்து இழந்து, அனைவருக்கும் 'யூ' என்பதையே வைத்துக்கொண்டது. தமிழ் மூவிடப்பெயரிலும் ஈற்றிலும் ஏற்றிவைக்கும் மரியாதைச் சுமையை ஆங்கிலம் துணைவினையிலும் கேள்வி வடிவத்திலும் நிபந்தனைத் தொடரிலும் ஏற்றிவைக்க வேண்டியதாயிற்று. தமிழர் ஆங்கிலம் பேசும்போது 'நீங்க' என்பதை மொழிபெயர்க்க வழியில்லாமல் அது கழன்று விழுந்துவிடுகிறது. 'ணும்' மட்டும் 'மஸ்ட்' ஆகி வெறுமையாக நிற்கிறது. பேசியவர் உள்ளத்தில் இருந்த மரியாதை கேட்டவரின் செவியை எட்டாததற்குக் காரணம் இது. 'ணும்' என்பதன் முழு வடிவமான 'வேண்டும்' விரும்புதலையும் வேண்டி நிற்றலையும் குறிக்கும் வினையிலிருந்து வந்தது என்பதும் கருதத்தக்கது. ஆங்கிலம் கடனில் தொடங்கிய இடத்தில் தமிழ் விருப்பத்தில் தொடங்கியிருக்கிறது. ஆயினும் 'வேண்டும்' என்னும் ஒரே சொல் விருப்பம், தேவை, கட்டாயம், அறிவுரை ஆகிய நான்கையும் ஆள்வதால், எந்த இடத்தில் எந்த ஆங்கிலத் துணைவினை என்று பிரித்தெடுப்பது கற்பவருக்குக் கடினமாகிறது.

இதைக்கொண்டு தமிழ் நேரடியானது, ஆங்கிலம் சுற்றிவளைப்பது என்று முடிவுகட்டுவது தவறு. மன்னனுக்கு அறிவுரை சொல்லும் பாடல்களுக்குச் 'செவியறிவுறூஉ' என்று ஒரு துறையையே வகுத்த மரபு இது. வரி தண்டும் முறை பற்றிப் பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் பாடிய புறநானூற்றுப் பாடல், விளைந்த வயலில் புகும் யானை தின்பதைவிட மிதித்து அழிப்பதே மிகுதி என்னும் காட்சியை முன்வைத்து, அறிவுடைய அரசனையும் அறிவற்ற அரசனையும் பொதுவில் ஒப்பிட்டு நிற்கிறது. 'நீ இப்படிச் செய்' என்று அவனைச் சுட்டிக் கட்டளையிடுவதில்லை. வலியவரின் முகம் காக்கும் தேவை எழும் இடத்தில் தமிழும் சுற்றியே சென்றிருக்கிறது.

அறிவுரை கேட்பதிலும் இதே உரிமைக் கணக்கு வேறு வகையில் நடக்கிறது. 'நான் என்ன செய்யட்டும்?' என்று திறந்த கேள்வியாகக் கேட்பவர், தமக்கு வழி தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு முழு உரிமையையும் மற்றவரிடம் தந்துவிடுகிறார். 'இதைச் செய்யலாம் என்றிருக்கிறேன், சரிதானா?' என்று கேட்பவர், முடிவைத் தம்மிடமே வைத்துக்கொண்டு ஒப்புதலை மட்டும் நாடுகிறார். பிரிட்டனில் முதல் குழந்தை பெற்ற தாய்மாரை வீடு தேடிச்சென்று காணும் சுகாதாரச் செவிலியரின் உரையாடல்களை ஆராய்ந்து ஜான் ஹெரிட்டேஜ், சூ செஃபி இருவரும் 1992இல் வெளியிட்ட ஆய்வில், தாய்மார் கேட்ட நேரங்களில் இவ்வாறு தம் திறமையைக் காட்டும் வடிவத்திலேயே பெரும்பாலும் கேட்டனர் என்பது தெரிகிறது. செவிலியர் தாமாக முன்வந்து சொன்ன அறிவுரைகளே மிகுதி. அவற்றுக்குத் தாய்மார் 'ம்' என்று மட்டும் சொல்லி நகர்ந்ததும், 'அது எனக்குத் தெரியும்', 'அப்படித்தான் செய்கிறேன்' என்று பதிலளித்ததும் வழக்கமாக இருந்தன. அறிவுரை தவறானது என்று அவர்கள் சொல்லவில்லை. பச்சிளங்குழந்தையைக் கவனிக்கத் தெரிந்த தாய் என்னும் தம் நிலையை அவர்கள் காத்துக்கொண்டனர்.

துயரத்தைப் பகிர்வதற்கும் அறிவுரை கேட்பதற்கும் இடையிலுள்ள கோட்டைக் கெயில் ஜெஃபர்சனும் ஜான் லீயும் 1981இல் ஆராய்ந்தனர். ஒருவர் தம் தொல்லையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கேட்பவர் இடையில் புகுந்து யோசனை சொன்னால், பேச்சின் மையம் அந்த மனிதரிடமிருந்து நழுவித் தொல்லையின் மேல் விழுகிறது. எவ்வளவு நல்ல யோசனையாயினும் அது அப்போது தள்ளப்படுவதற்கு அதுவே காரணம். தற்கொலை எண்ணத்தோடு இருப்போருக்குச் செவிகொடுக்க 1953இல் லண்டனில் சாட் வாரா தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பின் தொண்டர்கள், அழைப்பவருக்கு அறிவுரை சொல்லாமல் கேட்பதையே தம் நெறியாகக் கொண்டனர். 1986இல் சென்னையில் தொடங்கப்பட்ட 'சினேகா' அமைப்பும் அதே மரபில் வந்தது. அறிவுரையை அன்பின் அளவுகோலாகக் கொள்ளும் சமூகத்தில் அதைச் சொல்லாமல் இருக்கப் பயிற்சி பெறுவது எளிய காரியமன்று. அப்பயிற்சியின் அருமை போற்றத்தக்கது.

மறுமுனையில், அறிவுரை என்னும் பெயரைத் தாங்கிக் கட்டளையாகவே நிற்கும் வழக்குகளும் உள்ளன. பிரிட்டிஷ் அரசியல் மரபில் அமைச்சர்கள் மன்னருக்கு வழங்கும் 'அட்வைஸ்' மன்னரைக் கட்டுப்படுத்தும். பணிவின் சொல்லைக்கொண்டே அதிகாரம் கைமாறிய வரலாறு அது. அச்சொல் இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 74ஆம் உறுப்பில் குடியரசுத் தலைவருக்கும் 163ஆம் உறுப்பில் ஆளுநருக்கும் அமைச்சரவை உதவியும் ஆலோசனையும் வழங்கும் என்று இடம்பெற்றது. அகராதியை மட்டும் பார்ப்பவர் ஆலோசனை என்பதைக் கேட்டுவிட்டு ஒதுக்கலாம் என்றே கொள்வார். மரபை அறிந்தவர் அவ்வாறு கொள்ளார். 1974இல் ஷம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மரபின் பொருளையே உறுதிசெய்தது. 1976இன் 42ஆம் திருத்தம் குடியரசுத் தலைவர் ஆலோசனையின்படியே செயல்பட வேண்டும் என்று வெளிப்படையாக எழுதியது. 1978இன் 44ஆம் திருத்தம் ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்ப இடமளித்தது. சிறைவாசியான பேரறிவாளனை விடுவிக்கத் தமிழ்நாடு அமைச்சரவை 2018 செப்டம்பரில் செய்த பரிந்துரை ஆளுநரைக் கட்டுப்படுத்துமா என்னும் கேள்வியில் ஒருவரின் விடுதலை ஆண்டுக்கணக்கில் தொங்கிநின்று, 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் முடிவுக்கு வந்தது. மருத்துவமனையின் விடுவிப்புச் சீட்டிலும் இதன் சாயல் உண்டு. 'டாக்டர் ரெஸ்ட் அட்வைஸ் பண்ணியிருக்கார்' என்று சொல்லும் குடும்பத்தார் அதை ஒரு கருத்தாகக் கொள்வதில்லை. அதே வாயால் 'சும்மா அட்வைஸ் பண்ணாதே' என்று சொல்லும்போது, அச்சொல் தமிழில் சலிப்பின் சொல்லாகிவிடுகிறது. மருத்துவரின் உரிமையை ஏற்றுக்கொண்டவர் பக்கத்து வீட்டாரின் உரிமையை ஏற்கவில்லை, அவ்வளவே.

பொறுப்பின் கணக்கைச் சட்டம் 1963இல் நேராகவே எடுத்துக்கொண்டது. ஒரு நிறுவனத்தின் நிதி நிலை பற்றி வங்கி ஒன்று தந்த கருத்தை நம்பி இழப்படைந்த ஹெட்லி பைர்ன் என்னும் விளம்பர நிறுவனம் தொடுத்த வழக்கில், கவனமின்றிச் சொல்லப்படும் சொல்லும் நட்டஈட்டுக்கு உரியதாகலாம் என்று பிரிட்டனின் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. எனினும் 'பொறுப்பேற்கவில்லை' என்னும் குறிப்போடு பதில் தந்திருந்த வங்கி தப்பித்தது. விளம்பரங்களின் அடியில் சிற்றெழுத்தில் 'இது முதலீட்டு ஆலோசனை அன்று' என்னும் வகைக் குறிப்புகள் வருவதன் பின்னணியில் இத்தகைய பொறுப்பின் அச்சம் இருக்கிறது. அன்றாட ஆங்கிலத்தில் அறிவுரைக்குப் பின் வரும் 'முடிவு உங்களுடையது' என்னும் தொடரும் இதே வேலையைச் செய்கிறது. முடிவுரிமையைத் திருப்பித் தரும் அதே மூச்சில் பழியையும் திருப்பித் தந்துவிடுகிறது.

இவ்வளவு செறிவான ஒரு துறை வகுப்பறையில் பட்டியலாகச் சுருங்கியதற்கு ஒரு வரலாறு உண்டு. ஐரோப்பிய கவுன்சிலுக்காக யான் வான் எக் 1975இல் தயாரித்த தொடக்கநிலைப் பாடத்திட்டம், மொழியை இலக்கண அலகுகளாகப் பிரிக்காமல் அதன் பயன்களாகப் பிரித்தது. யோசனை சொல்வது, அறிவுரை கூறுவது, எச்சரிப்பது ஆகியவை அதில் தனித்தனிப் பயன்கள். அது பெரிய முன்னேற்றம். ஆனால் அதைப் பின்பற்றி எழுந்த பாடநூல்கள் பலவற்றில், பயன் ஒன்றுக்கு வடிவங்கள் ஐந்தாறு என்று தலைப்பின்கீழ் வரிசையாக நின்றன. எதை யாரிடம் என்னும் கேள்வி அந்த வரிசைக்கு வெளியே நின்றுவிட்டது. ஏற்பதும் மறுப்பதும் இன்னும் குறைவாகவே சொல்லித்தரப்படுகின்றன. 'அது எனக்குத் தோன்றவில்லையே' என்று சொல்லி யோசனையின் பெருமையைச் சொன்னவரிடமே சேர்ப்பதும், 'யோசித்துப் பார்க்கிறேன்' என்று சொல்லி மென்மையாகத் தள்ளுவதும் ஆங்கிலத்தில் அன்றாடத் தேவைகள். தமிழில் 'பார்க்கலாம்' என்று ஒருவர் இழுத்தால் அது மறுப்பு என்று புரிந்துகொள்பவர், அதே ஆங்கிலத் தொடரைக் கேட்டு மறுநாள் முடிவைக் கேட்டுச் சென்று நிற்பதுண்டு.

அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில், எந்தப் பாடங்களை எடுப்பது என்று பேராசிரியரிடம் மாணவர் ஆலோசனை பெறும் சந்திப்புகளைக் காத்லீன் பார்டோவி-ஹார்லிக், பெவர்லி ஹார்ட்ஃபர்டு இருவரும் பதிவுசெய்து, 1990இலும் 1993இலும் வெளியிட்ட ஆய்வுகள் இங்கே மிகவும் பயன்படுகின்றன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்கள் தாமே முந்திக்கொண்டு யோசனைகளை முன்வைத்தனர். பிறமொழி மாணவர்கள் பேராசிரியர் சொல்லும்வரை காத்திருந்து, பின்னர் அவர் சொன்னதை மறுக்க நேர்ந்தது. பணிவாக இருப்பதாக எண்ணிக் காத்திருந்த அவர்களே இறுதியில் மிகுதியாக மறுத்துப் பேசியவர்களாயினர். காலம் செல்லச்செல்ல அவர்களும் தாமாக யோசனை சொல்லக் கற்றுக்கொண்டனர்; ஆனால் அந்த யோசனையை 'எடுக்கலாமா என்று நினைக்கிறேன்' என்று தணித்துச் சொல்லக் கற்கவில்லை, 'இதை எடுக்கப்போகிறேன்' என்றே சொல்லிவந்தனர். ஆய்வாளர்கள் காட்டும் காரணம் எளியது: பாடம் கிடைத்ததா இல்லையா என்னும் பலன் மாணவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது, தம் தொனி உறுத்தியதா என்பதை எவரும் சொல்வதில்லை. மேலும் அந்தச் சந்திப்பு மூடிய அறைக்குள் நடப்பதால், தமக்கு முன் சென்ற மாணவர் என்ன சொல்லிக் கேட்டார், எப்படி மறுத்தார் என்பதைக் காண அவர்களுக்கு வாய்ப்பே இருந்ததில்லை.